பத்தில் ஐந்து கோடுகள்

லைம் நோய்க்கான வழக்கமான ரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. உண்ணிக் கடியின் வழியே உடலுக்குள் புகும் பொரீலியா பர்க்டார்ஃபெரி என்ற சுருள் வடிவ பாக்டீரியா ரத்தத்தில் மிகக் குறைவாகவே காணப்படும். அதனால், அதை எதிர்த்து உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகளே அளக்கப்படுகின்றன. அறிக்கையைப் படிப்பவர்களுக்கு வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

ஆன்டிபாடிகள் உருவாகச் சில வாரங்கள் ஆகும். முதலில் ஐஜிஎம் வகையும் பிறகு ஐஜிஜி வகையும் தலைகாட்டும். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த தடிப்பு படரும் தொடக்கக் கட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முடிவு நெகட்டிவ் என்றே வரும். உண்ணி பரவலாக உள்ள பகுதியில் அந்தத் தடிப்பைக் கண்டால் சோதனைக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்குவதே முறை. அப்படி உடனே ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டவர்களில் சிலருக்கு ஆன்டிபாடிகள் பிறகும் உருவாகாமல் போகலாம்.

சோதனை இரண்டு கட்டங்களாக நடக்கும். 1994இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டியர்பார்னில் கூடிய மாநாட்டில் இந்த முறைக்கான விதிகள் வகுக்கப்பட்டன. முதலில் எலைசா போன்ற சோதனை. அதில் நெகட்டிவ் வந்தால் அத்துடன் நிறுத்திவிடலாம். பாசிட்டிவ் அல்லது இரண்டுங்கெட்டான் என்று வந்தால் மட்டுமே அடுத்தது வெஸ்டர்ன் பிளாட். இதில் கிருமியின் புரதங்கள் எடைவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி எந்தப் புரதத்தைப் பற்றுகிறதோ அந்த இடத்தில் கோடு தெரியும். ஐஜிஎம்முக்கு மூன்றில் இரண்டு கோடுகளும், ஐஜிஜிக்குப் பத்தில் ஐந்து கோடுகளும் தெரிந்தால்தான் பாசிட்டிவ்.

நான்கு கோடுகளைப் பார்த்து 'நோய் ஓரளவு இருக்கிறது' என்று கணக்குப் போடுவது தவறு. 41 கிலோ டால்டன் எடையுள்ள புரதத்துக்கான கோட்டையே எடுத்துக்கொள்ளலாம். அது பாக்டீரியா நீந்த உதவும் கசையிழையின் புரதம். வேறு பல பாக்டீரியாக்களிலும் அதை ஒத்த புரதம் உண்டு. ஆகவே லைம் நோயே வராதவர்களுக்கும் இந்தக் கோடு விழும். ஐஜிஎம் இன்னும் வழுக்கலான தரை. நோய் தொடங்கி ஒரு மாதத்துக்குப் பிறகு, ஐஜிஜி இல்லாமல் ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்றால் அது பெரும்பாலும் பொய்யான பாசிட்டிவ்தான். சிஃபிலிஸ், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று போன்றவையும் சோதனையை ஏமாற்றக்கூடும். உண்ணியே இல்லாத ஊரில் வாழ்ந்து, பொதுவான சோர்வுக்காக மட்டும் சோதனை செய்துகொண்டவருக்கு வரும் பாசிட்டிவை அவ்வளவாக நம்ப முடியாது.

2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெஸ்டர்ன் பிளாட்டுக்குப் பதிலாக, எலைசா வகையைச் சேர்ந்த இன்னொரு சோதனையையே இரண்டாம் கட்டத்துக்குப் பயன்படுத்த அனுமதித்தது. கோடு எண்ணும் வேலை இதில் இல்லை.

நோய் குணமான பிறகும் ஆன்டிபாடிகள், ஐஜிஎம் உட்பட, பல ஆண்டுகள் ரத்தத்தில் தங்கலாம். எனவே மருந்து வேலை செய்ததா என்று பார்க்க இந்தச் சோதனையைத் திரும்பச் செய்வதில் பயனில்லை. ஒருமுறை லைம் வந்தவரை மறுபடி உண்ணி கடித்தால், பழைய தொற்றையும் புதிய தொற்றையும் இந்தச் சோதனையால் பிரித்துக் காட்ட இயலாது. புதிய தடிப்பையும் பிற அறிகுறிகளையும் பார்த்தே மருத்துவர் முடிவெடுக்க வேண்டும்.