கண்ணுக்குள்ளே ஒரு சேதி

விடியற்காலையில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறீர்கள். கத்தி வைக்கும் இடம் மங்கலாகத் தெரிகிறது. “வயசாச்சு, பசார் மாலாமில் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டா சரியாப் போயிடும்” என்கிறீர்கள். சரி, வயதுக் கோளாறாகவே இருக்கலாம். ஆனால் கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள், தோழரே?

கண்ணின் பின்புறம் விழித்திரை இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. இரத்தக் கொதிப்பு வருடக்கணக்கில் நீடித்தால் இவை தடித்துக் குறுகிப்போகும். இன்னும் முற்றினால் இரத்தமும் நீரும் கசியும். கண் நரம்பே வீங்கிவிடும். வலி இருக்காது. பார்வை குறையும்வரை ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

“கண்ணு செவந்தா பிரஷர்” என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். வெள்ளை விழியில் திட்டாக இரத்தம் கட்டினால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே மறையும். கொதிப்பு செய்யும் கேடு உள்ளே இருக்கிறது. கண்ணாடி பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டாக்டர் ஒளி பாய்ச்சிப் பார்த்தால் தெரியும். உடம்பில் இரத்தக் குழாய்களை அறுக்காமல் நேராகப் பார்க்கக்கூடிய இடம் கண் ஒன்றுதான். அங்கே கெட்டிருந்தால் மூளை, இருதயம், கிட்னியிலும் கெட்டிருக்கலாம் என்று அவர் கவனிப்பார்.

140க்கு 90 என்ற அளவோ அதற்கு மேலோ திரும்பத் திரும்பக் காட்டினால் அது இரத்தக் கொதிப்பு. அரசாங்க கிளினிக்கில் மாத்திரை கொடுக்கிறார்கள். நம்மவர்களோ ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு, “இப்ப நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை தின்னா கிட்னி போயிடுமாம்” என்று டப்பாவை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். கிட்னியைக் கெடுப்பது அடங்காத கொதிப்பு. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையானால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்.

சமையல் செய்யும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஓர் ஆளுக்கு நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்கும் குறைவாகவே போதும். கருவாடு, கிச்சாப், மெகி மீ தூள் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான்!

அடுத்த முறை கிளினிக் போகும்போது, “கண்ணையும் பார்த்துடுங்க டாக்டர்” என்று நீங்களே கேளுங்கள். சர்க்கரை வியாதியும் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். திடீரென ஒரு கண் இருண்டால், வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். பால் வெட்டு கிடக்கட்டும். சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு அப்போதே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.