மாடிப்படியும் மழலைகளும்

வட கொல்கத்தாவில் பழைய வீடுகள் நிறைய உண்டு. குறுகிய சந்து. உள்ளே செங்குத்தான மாடிப்படி. பல வீடுகளில் சிவப்புத் தரை. பார்க்க அழகு. ஈரம் பட்டால் வழுக்கும்.

தாய் வேலைக்குப் போகிறாள். பிள்ளையைக் காப்பகத்தில் விடுகிறாள். அரசுத் திட்டக் காப்பகத்தில் 6 மாதம் முதல் 6 வயது வரை சேர்ப்பார்கள். காப்பகம் தரைத்தளத்தில் இருந்தால் நல்லது. எல்லா இடத்திலும் அப்படி அமைவதில்லை.

தவழும் குழந்தை படியைக் கண்டால் விடாது. மளமளவென்று ஏறிவிடும். ஆனால் இறங்கத் தெரியாது. குழந்தையின் உடல் அளவோடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். அதனால் தலைகுப்புற விழும். 2 வயதுக் குழந்தை ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறும். பெரியவர்களைப் போலக் கால் மாற்றி இறங்க 4 வயதாவது ஆகும்.

படியின் மேலேயும் கீழேயும் சிறு கதவு வேண்டும். மேல் கதவைச் சுவரில் திருகி மாட்ட வேண்டும். பலகையைச் சாய்த்து வைத்தால் பிள்ளைகள் தள்ளிவிடுவார்கள். கதவு அறைப் பக்கம் திறக்க வேண்டும். படிப் பக்கம் திறந்தால் ஆயாவே விழுவார்.

கதவுக்குத் தாழ்ப்பாள் போதும். பூட்டு கூடாது. ஏன்? கும்பகோணத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியில் தீப்பிடித்தது. சமையல் கூடத்துத் தீ மாடியின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. மாடிப்படி குறுகலானது. 94 குழந்தைகள் இறந்தார்கள். அவசரத்தில் சாவி தேட நேரம் இருக்காது. படியில் செருப்பு, வாளி, அரிசி மூட்டை எதுவும் இருக்கக் கூடாது. இரண்டாவது வழி ஒன்றும் இருக்க வேண்டும்.

கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குழந்தையின் உடல் நுழைந்துவிடும். தலை மாட்டிக்கொள்ளும். கெட்டியான வலையைக் கட்டி அடைக்கலாம். பெரியவர்களின் கைப்பிடி பிள்ளைகளுக்கு எட்டாது. அவர்கள் உயரத்துக்கு இன்னொரு கைப்பிடி போடலாம். செலவு அதிகமில்லை.

மழைக் காலத்தில் படி ஓரத்தில் சாக்கு போடுவது வழக்கம். சாக்கு நழுவும். அதைவிட அடிக்கடி துடைப்பது மேல். ஆயா குழந்தையைத் தூக்கி இறங்கும்போது ஒரு கை கைப்பிடியில் இருக்க வேண்டும். புடவைக் கொசுவம் காலில் தட்டாதபடி தூக்கிச் செருக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகளைத் தூக்கக் கூடாது.

எப்போதும் தடுத்துக்கொண்டே இருக்கவும் முடியாது. பிள்ளைகள் படி ஏறிப் பழகத்தானே வேண்டும்! தவழும் குழந்தைக்குப் பின்பக்கமாக, வயிறு படியில் படும்படி இறங்கப் பழக்கலாம். பெரியவர் ஒருவர் கீழ்ப் பக்கம் நிற்க வேண்டும்.

அப்படியும் விழுந்துவிட்டால்? உடனே அழுது, பிறகு வழக்கம்போல விளையாடினால் அவ்வளவு பயமில்லை. ஆனாலும் ஒரு நாள் முழுக்கக் கவனிக்க வேண்டும். மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், காதிலோ மூக்கிலோ நீர் அல்லது ரத்தம் வருதல் - இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாலையில் தாய் வந்ததும் குழந்தை விழுந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரவில் குழந்தையைக் கவனிக்கப் போவது அவள்தான்.