பதனீரும் நீலக் கரைசலும்

இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியோடு கூடும் வைப்பாறு, கிழக்கே கடலை நோக்கிச் செல்லும் சீமையில் பனைத்தொழில் தொன்றுதொட்டது. கருப்பட்டியில் சீனி கலந்துள்ளது என்ற பேச்சு எழும்போதெல்லாம், ஆய்வுக்கூடத்து மருந்தில் இரண்டு சொட்டு விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று சொல்லக் கேட்கிறோம். அம்மருந்து எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

எளிய சர்க்கரைகளைக் கண்டறிய 1849-ல் ஜெர்மானிய அறிஞர் பெலிங் ஒரு கரைசலை வகுத்தார். பின்னர் அமெரிக்கரான பெனடிக்ட் அதனினும் கெடாதிருக்கும் கரைசலை அமைத்தார். மயில்துத்தம் 17.3 கிராம், நீர் நீங்கிய சோடியம் கார்பனேட் 100 கிராம், சோடியம் சிட்ரேட் 173 கிராம் ஆகியவற்றை நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் அந்த நீலக் கரைசல் கிடைக்கும். அதில் 5 மில்லி லிட்டர் எடுத்து, சோதிக்க வேண்டிய திரவத்தில் எட்டுச் சொட்டு விட்டு, கொதிநீரில் சில நிமிடம் வைக்க வேண்டும். குளுக்கோஸ், பிரக்டோஸ் போன்றவை சிறிதளவு இருப்பின் பச்சை நிறமும், கூடினால் மஞ்சளும், மிகுந்தால் செங்கல் நிறமும் தோன்றும்.

சீனியோ சுக்ரோஸ் என்னும் கூட்டுச் சர்க்கரை. அது இக்கரைசலை மாற்றாது. நல்ல பதனீரின் இனிப்பும் பெரும்பாலும் அதே சுக்ரோஸே. ஆதலால் சீனிக் கலப்பை இச்சோதனை காட்டாது. இதனைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளி என்பதும் தகாது. நிரபராதி என்பதும் தகாது. கரும்பும் பனையும் காற்றிலிருந்து கரியை ஏற்கும் முறை வேறாகையால், கரியின் ஐசோடோப்பு விகிதத்தை அளக்கும் பெரிய ஆய்வுக்கூடங்களிலேயே அக்கலப்பை அறிய இயலும்.

அப்படியாயின் நீலக் கரைசலால் நமக்குப் பயன் யாது? கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தால் ஈஸ்ட் பெருகி, சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிளக்கிறது. அத்தகைய பதனீரைக் காய்ச்சினால் பாகு நன்கு இறுகாது. கருப்பட்டி ஈரத்தை இழுத்து மழைக்காலத்தில் கசியும். விறகும் உழைப்பும் வீணாகும். இந்தக் கேட்டைக் காய்ச்சுமுன்பே இச்சோதனை காட்டிவிடும். நல்ல பதனீரிலும் எளிய சர்க்கரை சிறிது இருக்கக்கூடுமாதலால், அன்று இறக்கிய நல்ல பதனீரை உடன்வைத்து ஒப்பிட வேண்டும். மயில்துத்தம் நஞ்சு, சோதித்ததைக் கலயத்தில் திரும்ப ஊற்றலாகாது.

கொள்முதல் செய்யும் சங்கங்கள் இச்சோதனையைப் பதனீரின் பக்குவம் அறியக் கையாளட்டும். பனையேறிகள்மேல் பழிசுமத்தக் கையாள வேண்டாமென வேண்டுகிறோம்.