வசந்தகாலப் புயலும் நெடுஞ்சாலைப் பயணமும்

அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் 35 நெடுஞ்சாலை மெக்சிகோ எல்லையை ஒட்டிய லரேடோவில் தொடங்கி, வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள டுலூத்தில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சஸ் சமவெளிகளில் ஏப்ரல் முதல் ஜூன் வரை புயல் பருவம். காலையில் பளிச்சென்ற வெயிலில் கிளம்பும் கார், மாலையில் ஆலங்கட்டி மழைக்குள் மாட்டிக்கொள்வது அங்கே அதிசயமில்லை.

இதற்கு நில அமைப்பே காரணம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று தரையை ஒட்டி வடக்கே நகர்கிறது. தென்மேற்கின் உயரமான வறண்ட நிலங்களிலிருந்து உலர்ந்த காற்று வந்து அதன்மேல் மூடிபோலப் படிகிறது. அதனால் பகலின் முற்பகுதியில் மேகம் மேலே வளர முடிவதில்லை. வெயில் ஏறித் தரை சூடானதும் மூடி உடைகிறது. அடைபட்டிருந்த ஈரக்காற்று சீறிக் கிளம்புகிறது. ஓரிரு மணி நேரத்துக்குள் மேகத்தின் உச்சி 15 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டுவிடும். தரையருகே ஒரு திசையிலும் உயரே வேறு திசையில் இன்னும் வேகமாகவும் காற்று வீசினால், மேலெழும் காற்றே சுழலத் தொடங்குகிறது. சூப்பர்செல் எனப்படும் இந்தச் சுழலும் புயலிலிருந்துதான் பெரிய ஆலங்கட்டிகளும் வலிமையான டொர்னாடோக்களும் பெரும்பாலும் பிறக்கின்றன. டொர்னாடோக்கள் மாலை 4 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையேதான் அதிகம். தூரத்தை முற்பகலிலேயே கடந்துவிடுவது நல்லது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

இடிமின்னலின்போது மூடிய கார் நல்ல புகலிடம். ரப்பர் டயர்கள் காப்பதாகப் பலர் நம்புகிறார்கள், அது தவறு. மின்னோட்டம் உலோகக் கூட்டின் வெளிப்புறம் வழியாக ஓடித் தரையில் இறங்கிவிடுகிறது.

தண்ணீர் விஷயம் வேறு. சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடும் நீர் சிறிய காரை அடித்துச் செல்லும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துவிடும். இரவில் அந்த ஆழம் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கி இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாகனத்தோடு நீரில் இறங்கியவர்கள்.

டொர்னாடோ வந்தால் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கலாம் என்ற எண்ணம் பரவியதற்கு ஒரு காணொளி முக்கியக் காரணம். 1991 ஏப்ரல் 26 அன்று, கான்சஸ் டர்ன்பைக் சாலையின் மேம்பாலம் ஒன்றின் அடியில் பதுங்கிய தொலைக்காட்சிக் குழுவினரும் பயணிகளும் உயிர் பிழைத்த காட்சி அது. அந்த டொர்னாடோ அங்கே வலுவற்றது. அவர்களுக்கு நேர்மேலே அது போகவுமில்லை. ஆனால் படம் சொன்ன பாடமே நிலைத்தது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மூன்று மேம்பாலங்களின் அடியில் தஞ்சம் புகுந்தவர்களில் மூவர் இறந்தனர், பலர் படுகாயமடைந்தனர். பாலத்தின் குறுகிய இடைவெளியில் காற்றின் வேகம் கூடலாம். சரிவில் ஏறி உட்கார்பவர், தரைமட்டத்தைவிட வேகமான காற்றுக்கும் பறந்து வரும் பொருள்களுக்கும் தன்னைக் கொடுத்துவிடுகிறார். அங்கே நிற்கும் கார்கள் பின்னால் வருபவர்களின் வழியையும் அடைத்துவிடும்.

காரிலேயே தப்பி ஓடுவதும் எப்போதும் கைகொடுப்பதில்லை. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரெனோ அருகே உருவான டொர்னாடோ 4.2 கிலோமீட்டர் அகலம் கொண்டது. இதுவரை பதிவானவற்றில் மிக அகலமானது. திடீரெனத் திசையையும் வேகத்தையும் மாற்றிய அதில் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். புயல்களை நெருங்கி அளவிடுவதில் பல ஆண்டு அனுபவம் கொண்ட டிம் சமராஸ் அவர்களில் ஒருவர். அன்று ஓக்லஹோமா நகரிலிருந்து காரில் வெளியேற முயன்றவர்களால் நெடுஞ்சாலைகள் திணறின. டொர்னாடோ நகரை எட்டியிருந்தால் சாவு எண்ணிக்கை எங்கோ போயிருக்கும்.

பாதுகாப்பான இடம் உறுதியான கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறைதான். அதை அடைய நேரம் வேண்டும். நேரத்தைத் தருவது எச்சரிக்கை. புயலுக்கு ஏற்ற சூழல் உள்ள பகுதிகளை நார்மன் நகரிலுள்ள புயல் முன்கணிப்பு மையம் சில மணி நேரம் முன்பே அறிவிக்கிறது. டொர்னாடோ ரேடாரில் தெரிந்தாலோ நேரில் காணப்பட்டாலோ உள்ளூர் வானிலை அலுவலகம் அவசர எச்சரிக்கை விடுக்கிறது. செல்போன் சிக்னல் இல்லாத இடங்களிலும் இவற்றை அரசின் வானிலை வானொலி இரவு பகலாக ஒலிபரப்புகிறது. அதன் அலைவரிசை 162 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால் சாதாரண எஃப்எம் பெட்டியில் கேட்காது. தனிக் கருவி வாங்கிக் காரில் வைத்துக்கொள்ள வேண்டும்.