அறிந்த முடிவும் இறுதி நாவலும்

வரலாற்று நாவல் தொடரொன்றின் இறுதிப் பாகத்தை எழுதுவோர் ஏனைய நாவலாசிரியர்க்கு இல்லாததோர் இடர்ப்பாட்டினை எதிர்நோக்குகின்றனர். கதையின் முடிவு வாசகர்க்கு முன்னரே தெரியும். அவ்வாறாயின், அவர்களை இறுதிவரை ஈர்த்து நிற்பது யாது? ஆங்கில நாவலாசிரியை ஹிலரி மன்ரெல், எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சரான தொமஸ் குரொம்வெல் பற்றி எழுதிய மூன்று நாவல்களைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு நோக்குவாம்.

‘வுல்ஃப் ஹோல்’ 2009இலும் ‘பிரிங் அப் த பொடீஸ்’ 2012இலும் வெளிவந்து, இரண்டும் புக்கர் பரிசு பெற்றன. இறுதி நாவலான ‘த மிரர் அண்ட் த லைட்’ எட்டாண்டுகளின் பின்னர், 2020 மார்ச்சிலேயே வெளிவந்தது. ஏறத்தாழ 900 பக்கங்கள் கொண்ட இந்நாவல், 1536 மே மாதத்தில் அரசி ஆன் பொலினின் சிரச்சேதத்துடன் தொடங்கி, 1540 ஜூலை 28இல் குரொம்வெல்லின் சிரச்சேதத்துடன் முடிகின்றது.

இவ்விரு மரணங்களுக்குமிடையிலான தொடர்பிலேயே நாவலின் உயிர்நிலை தங்கியுள்ளது. அரசியின் வீழ்ச்சியில் குரொம்வெல்லுக்குப் பெரும்பங்குண்டு. சாதாரணப் பேச்சினையும் இராசத்துரோகமாகத் திரிக்கும் கலையை அவர் நன்கறிந்தவர். வழக்கு விசாரணையின்றிப் பாராளுமன்றச் சட்டத்தினாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்கும் முறையைப் பிறர்மீது பிரயோகித்தவரும் அவரே. 1540 ஜூன் 10இல் அவர் கைதானபோது அதே முறை அவர்மீதும் பிரயோகிக்கப்பட்டது. எனவே வாசகர் வினவுவது ‘என்ன நிகழும்?’ என்பதன்று, ‘தாம் கூர்தீட்டிய வாள் தம்மை நோக்கித் திரும்புவதை இவர் எப்போது காண்பார்?’ என்பதேயாம்.

இவ்வினாவுக்கு வலுவூட்டுவது கதை கூறும் முறையாகும். மூன்று நாவல்களும் நிகழ்காலத்தில், குரொம்வெல்லின் பார்வையினூடாகவே நகர்கின்றன. நாமறிந்த முடிவினை அவர் அறியார். நான்கு மாதங்களுக்குள் எசெக்ஸ் பிரபுப் பட்டமும் கொலைமேடையும் அடுத்தடுத்து வருமென்பதை எவ்வமைச்சர்தான் எதிர்பார்த்திருப்பார்? வரலாற்று நூல் முடிவிலிருந்து பின்னோக்குகின்றது. நாவலோ முடிவறியாதவரோடு முன்னோக்கி நடக்கின்றது.

நாவலின் நடுப்பகுதியில் நிகழ்ச்சிகள் பெருகி ஓட்டம் தளர்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. 2020இன் புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்ற இந்நூல், குறும்பட்டியலை எட்டவில்லை. ஆயினும், முதல் நாவலின் தொடக்கத்தில் புட்னியில் தந்தையால் உதைபட்டுக் கிடந்த சிறுவனின் நினைவு இறுதியில் மீளும்போது, மூன்று நூல்களும் ஒரே நூலாகி விடுகின்றன. மன்ரெல் 2022இல் காலமானார். தொடரின் இறுதி நாவல் முடிவினை அறிவிப்பதற்காக எழுதப்படுவதன்று. தொடக்கத்தின் பொருளை உணர்த்துவதற்காகவே எழுதப்படுகின்றது என்பதே அவர் ஆக்கம் நமக்குப் புலப்படுத்தும் உண்மையாகும்.