அரிக்கமேடு: யார் எழுப்பிய ஊர்?

விழுப்புரத்துக்குக் கிழக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945இல் இங்கே அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தாலியில் செய்த செந்நிற மட்கல ஓடுகளையும் மது ஜாடித் துண்டுகளையும் கண்டார். எளிய மீனவக் குப்பம் ஒன்று ரோம வணிகத்தால்தான் பட்டினமானது என்று முடிவுகட்டினார். "இந்தோ-ரோமானிய வணிக நிலையம்" என்ற பெயர் பாடநூல்வரை போய்ச் சேர்ந்தது.

மண் வேறு கதை சொன்னது.

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் அகழ்ந்தனர். ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்தனர். அந்த வணிகம் தளர்ந்த பிறகும் ஊர் நீடித்தது. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தவை என வீலர் கருதிய உருளிக்கோட்டு வட்டில்கள் இந்தியக் களிமண்ணில் வனையப்பட்டவை. பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. இங்கே உருவான கண்ணாடி மணிகள் கடல் கடந்தன. கைவினைஞர் செழித்த ஊரை அயலார் கொடையாகச் சுருக்கியது பெரும் பிழை.

இந்தக் கரை தனித்தும் இருக்கவில்லை. ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாடும் சங்க நூலான சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினத்தையும் கிடங்கிலையும் குறிக்கிறது. முன்னதை மரக்காணம் என்பர் அறிஞர். பின்னது இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி.