வன்னிப் பாதைகளும் வாகனச் சாய்வுத் தடுப்புத் தண்டும்

வன்னிப் பெருநிலப் பரப்பில் வாகனஞ் செலுத்துவோர் ஒரே நாளில் இருவேறு தரைகளைச் சந்திக்கின்றனர். வவுனியாவிலிருந்து மாங்குளம், கிளிநொச்சி ஊடாகச் செல்லும் ஏ-9 வீதி சமமானது. அதில் வாகனங்கள் விரைந்தோடுகின்றன. அவ்வீதியை விட்டு விலகி உட்கிராமம் ஒன்றை நோக்கித் திரும்பினால், மாரியில் உழவு இயந்திரச் சில்லுகள் அறுத்த தடங்கள் கோடையிற் கல்லாய் இறுகிக் கிடப்பதைக் காண்கிறோம். முதலாவது தரைக்கென அமைந்த ஓர் உறுப்பு இரண்டாவது தரையில் வாகனத்துக்கு விலங்காகிவிடுவதுண்டு. அவ்வுறுப்பே சாய்வுத் தடுப்புத் தண்டு. திருத்துநர் இதனை ‘ஸ்ரெபிலைசர் பார்’ என்பர். இதனை வேண்டியபோது கழற்றவும் பூட்டவுந்தக்க இணைப்புகளைத் தெரிவுசெய்து பொருத்தும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தண்டின் தொழில்

இது ‘ப’ வடிவாக வளைக்கப்பட்ட வில்லுருக்குத் தண்டு. அதன் நடுப்பகுதி வாகனச் சட்டத்துடன் றப்பர் உறைகளாற் பிணைக்கப்பட்டிருக்கும். இரு கைகளும் குறுகிய இணைப்புகள் மூலம் வலது, இடது சில்லுகளின் தாங்கிகளுடன் சேர்க்கப்பட்டிருக்கும். கனடா நாட்டவரான ஸ்டீபன் கோல்மன் 1919ஆம் ஆண்டில் இதற்கான ஆக்கவுரிமையைப் பெற்றார்.

இரு சில்லுகளும் ஒருங்கே எழும்போது தண்டு உறைக்குள் சுழலுமேயன்றி முறுக்கப்படுவதில்லை. ஒரு சில்லு மட்டும் எழும்போது தண்டு முறுக்கப்பட்டு, மற்றைச் சில்லையும் உடன்தூக்க முனைகிறது. வளைவுகளில் வாகனத்தின் உடல் ஒருபுறஞ் சாய்வதை இது மட்டுப்படுத்துகிறது. தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் வலுவுக்கு நேர்விகித சமமானது. எனவே 25 மில்லிமீற்றர் தண்டுக்குப் பதிலாக, அதே வடிவினதான 27.5 மில்லிமீற்றர் தண்டைப் பொருத்தினால் விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடிவிடும்.

இனி, வாகனம் ஒரு வாய்க்காலைச் சரிவாகக் கடப்பதாகக் கொள்வோம். ஒரு சில்லு மேட்டிலும் மற்றையது பள்ளத்திலும் நிற்கின்றன. பள்ளத்துச் சில்லு தாழவேண்டிய வேளையில் தண்டு அதனை அந்தரத்தில் நிறுத்திவிடுகிறது. விசையைப் பகிரும் ‘டிபறென்சியல்’ பூட்டற்றதாயின், அந்தரத்துச் சில்லு வீணே சுழலும். தரையிற் பதிந்த சில்லுக்குப் போதிய உந்துவிசை கிடையாது. தண்டைக் கழற்றிவிட்டால் அச்சு இருபுறமுந் தாராளமாக அசையும். நான்கு சில்லுகளும் நிலத்தை நாடும்.

வன்னி விவசாயிகளுக்கு இத்தத்துவம் புதியதன்று. நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் முன்னச்சு நடுவில் ஓர் ஆணியிற் கோக்கப்பட்டு ஊசலாடுவது. வரம்பில் ஒரு சில்லு ஏறினும் மற்றையது வயலிலேயே நிற்கும். 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் மக்களையும் அவர்தம் தட்டுமுட்டுப் பொருள்களையும் சேற்றுப் பாதைகளினூடே இழுத்துச் சென்றதில் இவ்வியந்திரங்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் உழவு இயந்திரம் மெதுவாகச் செல்வது. நெடுஞ்சாலை வேகம் அதற்கில்லை. ஜீப்புக்கோ இரு வாழ்வும் உண்டு. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

தெரிவு

முதலில் இத்தகைய இணைப்பு தேவைதானா என்று கேட்டல் வேண்டும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் வாகனம் புதைவதற்குக் காரணம் தரையின் மென்மை. அங்கு ரயரின் காற்றைக் குறைப்பதே முதற் பரிகாரம். மாரிகாலக் களிமண்ணில் நான்கு சில்லுகளும் வழுக்கும்போதும் தண்டைக் கழற்றுவதாற் பயன் சொற்பமே. மேடுபள்ளம் மாறிமாறி வருந் தடங்களிலும் வாய்க்காற் கடவைகளிலுமே இது உதவும்.

அடுத்து வாகனத்தின் அமைப்பை நோக்கவேண்டும். ஜீப் றாங்ளர் போன்று முன்னச்சு ஒரே திண்ணிய அச்சாக அமைந்தவற்றில் பெறும் நயம் பெரிது. இக்கால ஹைலக்ஸ் முதலிய ‘டபிள் கப்’ வாகனங்களின் முன்சில்லுகள் தனித்தனியே தாங்கப்படுவன. அவற்றின் அசைவெல்லையைத் தாங்குகைகளே வரையறுப்பதால் நயம் குறைவு.

இணைப்புகளில் ஆணியை இழுத்துக் கையாற் கழற்றும் வகை எளியது, உள்ளூரிலேயே திருத்தத்தக்கது. மின்னால் இயங்கும் வகை 2007ஆம் ஆண்டு மாதிரி முதல் ஜீப் றாங்ளர் றூபிக்கனில் இடம்பெற்றது. வேகம் மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீற்றரைத் தாண்டியதும் அது தானே பூட்டிக்கொள்ளும். ரொயோட்டா லாண்ட் குறூசர் 200 வகையிற் சிலவற்றில் எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் தொகுதியொன்று தண்டின் விறைப்பைத் தானே தளர்த்துகிறது; அத்தகையவற்றில் வேறு இணைப்புப் பொருத்துதல் தகாது.

பொருத்தும் முறை

வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்தல் வேண்டும். இரு முன்சில்லுகளும் நிலத்தில் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். ஒருபுறத்தை மட்டும் ஜக்கினால் உயர்த்தினால் தண்டு முறுகி நிற்கும், கழற்றும்போது கையைத் தாக்கலாம். பழைய இணைப்புகளை நீக்கியபின், புதியவற்றின் நீளத்தைத் தண்டின் கைகள் ஏறத்தாழக் கிடையாக நிற்குமாறு அமைக்கவேண்டும். வில்லுகள் உயர்த்தப்பட்ட வாகனத்துக்கு நீண்ட இணைப்புகள் தேவை. நட்டுகளை உற்பத்தியாளர் குறித்த அளவுக்கே இறுக்கவேண்டும்.

கழற்றிய தண்டை மேலே தூக்கிக் கட்டுவதற்கான கொளுவியையும் மறக்கலாகாது. தொங்குந் தண்டு ரயரையோ பிறேக் குழாயையோ அறுத்துவிடும். பின்னர் ஒரு சில்லை மேட்டிலேற்றி, சுக்கானை இருபுறமும் முற்றாகத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். அச்சு முன்னிலும் தாழுமாதலால் பிறேக் குழாய் இழுபடுகிறதா, சுருள்வில் இருக்கையை விட்டு விலகுகிறதா என்பவை இச்சோதனையிலே தெரியவரும். குழாய் இழுபடுமாயின், நீண்ட குழாய் பொருத்தும்வரை தண்டைக் கழற்றவே கூடாது.

மீளப் பூட்டல்

காட்டுப் பாதையிலிருந்து ஏ-9 வீதியில் ஏறுமுன் இரு பக்கங்களையும் பூட்டுதல் கட்டாயம். வளைவில் வெளிநோக்கித் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். தண்டு கழன்ற வாகனம் திடீர்த் திருப்பத்தில் பெரிதுஞ் சாயும். பின்தட்டில் தொழிலாளர் நிற்பின் தூக்கியெறியப்படுபவர் அவர்களே. மற்றுமொன்று: போர் நிகழ்ந்த இம்மண்ணில் கண்ணிவெடி அகற்றும் பணி 2009இன் பின்னரும் பல்லாண்டுகள் தொடர்ந்தது. எத்தகைய இணைப்பும் எச்சரிக்கைப் பலகையைக் கடக்க உரிமை தருவதில்லை.

எம்மிடையே வாகனம் ஒருவருக்குச் சொந்தம், அதனை ஓட்டுபவர் இன்னொருவர் என்பது வழக்கம். இணைப்பை வாங்குவோர் உரிமையாளர். விபத்தின் பழியைச் சுமப்பவர் கூலிக்கு ஓட்டும் சாரதி. கையேடுகளோ அவர் வாசிக்கும் மொழியில் அரிதாகவே வருகின்றன. ஆகவே, இணைப்பைப் பொருத்தும் திருத்துநர் அதனைப் பூட்டும் முறையைச் சாரதிக்கு நேரிற் காட்டி, ‘வீதியில் ஏறுமுன் இரு ஆணிகளையும் பார்’ எனத் தமிழில் எழுதிச் சுக்கானருகே ஒட்டிவிடுதல் வேண்டும். அதுவரை பொருத்தும் வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது என்பதே எமது கருத்து.